நாலடி தூரம்

"ஆயிரக்கணக்குல எடுத்துட்டேன் டீச்சர். ஒண்ணுலகூட இவன் இல்ல."

மங்கையர்க்கரசி செல்போனை நீட்டினாள். இடுப்பில் பிள்ளை. பிள்ளையைச் சுற்றி இடது கை.

கிருபா டீச்சர் செல்போனை வாங்கி விரலால் தள்ளிக்கொண்டே போனார்.

மூக்கு. இமை. காது. தூங்கும் வாய். மறுபடி மூக்கு.

"நல்லாத்தானே இருக்கு?"

"இது மூக்கு டீச்சர். இது காது. என் பிள்ளை எங்க?"

தரங்கம்பாடியில் கடலுக்குப் பக்கத்துத் தெருவில், பழைய வீடு ஒன்றில், கிருபா டீச்சர் பிலிம் கேமராவில் படம் எடுக்கக் கற்றுத் தந்துகொண்டிருந்தார். குளியலறையின் ஜன்னலில் கறுப்புத் துணி அடித்து அங்கேயே பிலிம் கழுவினார். வந்து படித்தவர்கள் எல்லாரும் அவரைவிட வயதில் மூத்தவர்கள். அதனால் அவர் எல்லாரையும் அக்கா, அண்ணே என்றார். அவர்கள் அவரை டீச்சர் என்றார்கள்.

டீச்சர் இன்னும் கொஞ்சம் தள்ளினார். பிறகு நிறுத்தினார்.

"கால் எங்கக்கா?"

"என்னது?"

"பிள்ளைக்குக் கால் இருக்குல்ல?"

மங்கைக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன கேள்வி டீச்சர் இது? இருக்கு."

"எங்க?"

மங்கை சேலைத் தலைப்பை விலக்கினாள். சாக்ஸுக்குள் இரண்டு சின்னக் கால்கள். டீச்சர் ஒரு சாக்ஸைக் கழற்றினார். உள்ளங்காலைத் தடவிப் பார்த்தார். ஒன்றரை வயதுப் பிள்ளையின் கால். ஒரு கீறல் இல்லை. ஒரு தூசி இல்லை. கன்னத்தைவிட மெத்தென்று இருந்தது.

"கீழ விட்டதே இல்லையா?"

மங்கை சாக்ஸை வாங்கித் திரும்ப மாட்டினாள்.

"ஏழாம் மாசத்துல பொறந்தான் டீச்சர். கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. பெட்டியில வட்டமா ஒரு ஓட்டை. அது வழியா கைய விட்டு விரல மட்டும் குடுக்கலாம். பிடிச்சுக்குவான். ஒரு நாள், இந்தாம்மா தூக்கிக்கன்னு கையில குடுத்தாங்க."

"அப்புறம்?"

"அன்னிக்குத் தூக்கினவ, இன்னும் இறக்கல."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"பிள்ளைக்கு ஒண்ணுமே இல்லைங்கறாரு. கீழ விட்டாத்தான் நடப்பான், இன்னும் விடலைன்னா காலுக்குப் பலம் வைக்காதும்மான்னு திட்டறாரு."

"வீட்டுல?"

"அவரும் அதேதான். சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டு இப்ப பேசறதையே விட்டுட்டாரு."

டீச்சர் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்கிட்ட எதுக்குக்கா வந்தீங்க?"

"நடக்க வைக்கச் சொல்லி வரலை டீச்சர். படத்துல இவன் முழுசா இருக்கணும். அது போதும். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, கையில ஒரு படமாவது…"

டீச்சர் எழுந்து உள்ளே போய்விட்டார். வரும்போது கையில் கறுப்பாக ஏதோ இருந்தது.

மங்கை வலது கையால் வாங்கினாள். காலியான சோப்பு டப்பா கனம்கூட இல்லை.

"பொம்மையா?"

"கேமரா."

"எல்லாம் பிளாஸ்டிக்கா இருக்கே."

"லென்ஸும் பிளாஸ்டிக்தான்."

கேமராவின் பின்கதவு சரியாக மூடவில்லை. ஓரத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"கதவு ஆடும்," என்றார் டீச்சர். "இடது கையால அழுத்திப் பிடிச்சுக்கணும். வலது கையால இதை அமுக்கணும். ஒவ்வொரு படத்துக்கும் இந்தக் குமிழைத் திருப்பணும்."

மங்கை தன் இடது கையைப் பார்த்தாள். அதில் பிள்ளை பரிதி இருந்தான்.

"கை பத்தாதே டீச்சர்."

"இன்னொண்ணு. இதுக்குக் கிட்டத்துல கண் தெரியாது. நாலடி தள்ளி நிக்கணும். பன்னிரண்டு படம் வரும். முடிஞ்சதும் கொண்டாங்க."

"எடுத்ததும் எப்படி வந்திருக்குன்னு எங்க பார்க்கிறது?"

"பார்க்க முடியாது."

வாசலில் நசீர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். காரைக்காலில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவன். டீச்சரிடம் அவனும் மாணவன்தான்.

"தங்கச்சிக்கும் டப்பா குடுத்துட்டாங்களா?"

"உங்களுக்கு என்ன குறைண்ணே? பெரிய கேமராவெல்லாம் வச்சிருப்பீங்களே."

"தோள் வலிக்கிற அளவுக்கு வச்சிருக்கேன். ஆனா நான் எடுக்கிற படத்துல எல்லாரும் சிரிச்சுக்கிட்டே இருக்காங்க."

"அது நல்லதுதானே?"

"பொண்ண அனுப்பி வைக்கிற அப்பாகூடச் சிரிக்கிறாரு தங்கச்சி. நாமதான் கேமராவத் தூக்கினதும் சிரிங்கன்னு சொல்லிடறோமே."

*

முதல் பிலிம் சுருளோடு மங்கை வந்தாள். டீச்சர் கழுவிக் கொடியில் தொங்கவிட்டார்.

நசீர் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தான்.

"தங்கச்சி, மேகத்தையா எடுத்தீங்க?"

எல்லாம் பஞ்சு. ஒரு படத்தில் மட்டும் கன்னம் மாதிரி ஒன்று தெரிந்தது. நெகட்டிவ் ஆனதால் கன்னம் கறுப்பு. கன்னத்தில் வைத்திருந்த திருஷ்டிப் பொட்டு வெள்ளை.

"பொட்டு வெள்ளையா இருக்கு பாருங்க. கண்ணு பட்டுடப் போகுது," என்றான்.

மங்கைக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையின் கன்னத்தைத் தடவித் தன் நெற்றியோரத்தில் நெட்டி முறித்துக்கொண்டாள். கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் படித்தவள்தான். இருந்தாலும் முறித்தாள்.

"கேமரா சரியில்ல டீச்சர்."

"எவ்ளோ தூரத்துல நின்னீங்க?"

மங்கை பிள்ளையின் சாக்ஸை இழுத்துவிட்டாள்.

டீச்சர் கேமராவில் புதுச் சுருளைப் போட்டார். குமிழைத் திருப்பினார். "அப்படியே நில்லுங்க" என்றார். முதுகு சுவரில் இடிக்கும் வரைக்கும் பின்னால் போனார்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். பேனா மூடியைக் கழற்றினால் இதைவிடச் சத்தம் வரும்.

அந்தச் சுருளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு, வேறொன்றைப் போட்டுக் கொடுத்தார்.

"போய்ட்டு வாங்க."

*

இரண்டாவது சுருளில் மங்கை ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள்.

டீச்சர் கழுவி உலர்த்தி, எல்லாப் படத்தையும் சின்னச் சின்னதாக ஒரே தாளில் போட்டு எடுத்து வந்தார். பாதித் தாள் வெள்ளையாக இருந்தது. வெள்ளைக்கு நடுவே ஒரு புடவை, ஒரு முழங்கை.

"இது யாரு?"

"நான்தான். பீரோ கண்ணாடி முன்னால இவனை வச்சுக்கிட்டு நின்னேன்."

"கண்ணாடிக்கு எவ்ளோ தூரம்?"

"ரெண்டடி. கண்ணாடிக்குள்ள ரெண்டடி. மொத்தம் நாலு."

டீச்சர் சிரித்துவிட்டார். மங்கை அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"கணக்கு சரிதான்க்கா."

"பின்ன ஏன் வெள்ளையா இருக்கு?"

"கதவைப் பிடிக்க ஆளில்ல, வெளிச்சம் உள்ள புகுந்துடுச்சு. ஒரு கை கம்மி."

அடுத்த வரிசையில் படங்கள் தெளிவாக இருந்தன. மங்கையின் புருஷன் குணசீலன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்றான். மீசை, சட்டைப் பொத்தான், கைக்கடிகாரம் எல்லாம் தெரிந்தன.

"அவர்கிட்டக் குடுத்துட்டு நாலடி தள்ளி நின்னு எடுத்தேன்," என்றாள் மங்கை. "எடுத்து முடிச்சதும் வாங்கிக்கிட்டேன்."

டீச்சர் தாளைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார்.

"கால் எங்க?"

"அவரு கைக்குள்ள இருக்கு."

"அப்ப இது அண்ணன் படம். நல்லா வந்திருக்காரு. சட்டகம் போட்டு மாட்டுங்க."

நசீர் பக்கத்து அறையில் இருமினான். இருமல் இல்லை அது.

மங்கைக்குக் கண் கலங்கியது. கேமராவை மேஜைமேல் வைத்தாள்.

"எனக்கு இது வராது டீச்சர். விடுங்க."

டீச்சர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு படத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார். போன தடவை சுவர்வரை பின்னால் போய் எடுத்தது.

படத்தின் ஓரமெல்லாம் இருட்டு. நடுவில் ஒரு பொம்பளை நின்றாள். இரண்டு கையும் பிள்ளையை இறுக்கிக்கொண்டிருந்தன. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அவள் கேமராவையும் பார்க்கவில்லை, பிள்ளையையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஆழமான கிணற்றைப் பார்ப்பதுபோல.

மங்கை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகுதான் கீழே பார்த்தாள்.

சேலை மடிப்புக்கு வெளியே பரிதியின் இடது கால் நீண்டிருந்தது. சாக்ஸ் கழன்று விழுந்திருந்தது. கால் தரையை நோக்கி நேராக இறங்கியிருந்தது. ஐந்து விரலும் விரிந்திருந்தன.

"இப்படியா நீட்டறான்?"

"நீங்க மொத மொத வந்த அன்னிக்கும் நீட்டிக்கிட்டுத்தான் இருந்தான்."

"எனக்குத் தெரியவே இல்லையே டீச்சர்."

டீச்சர் மேஜைமேல் இருந்த கேமராவைத் தட்டினார்.

"இதுக்கும் கிட்டத்துல தெரியாதுக்கா."

மங்கை படத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"விழுந்தா?"

டீச்சர் கேமராவை எடுத்தார். தலைக்கு மேலே தூக்கினார். விட்டார்.

கேமரா தரையில் விழுந்து எகிறியது. பின்கதவு தனியாகப் போய்க் கட்டிலுக்கடியில் விழுந்தது.

பரிதி கெக்கலி கொட்டிச் சிரித்தான். உடம்பை வளைத்துத் தரைக்குக் கையை நீட்டினான்.

"தா! தா!"

மங்கை அவனை இன்னும் இறுக்கினாள்.

டீச்சர் குனிந்து கதவைத் தேடி எடுத்தார். பொருத்தினார். கறுப்பு டேப்பைப் பல்லால் கடித்து ஒரு துண்டு கிழித்து ஒட்டினார்.

"என் பிள்ளை பிளாஸ்டிக் இல்ல டீச்சர்."

"இல்லதான். பிளாஸ்டிக் உடைஞ்சா டேப்புதான் கதி. எலும்பு தானா ஒட்டிக்கும்."

"இதுலயா விளையாடுறது?"

"நான் விளையாடல."

டீச்சர் புதுச் சுருளைப் போட்டுக் கேமராவை அவள் தோளில் மாட்டிவிட்டார். பரிதி உடனே வாரைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டான்.

*

பொறையாறு போகும் பஸ்ஸில் கூட்டம். மங்கை ஒரு கையால் கம்பியைப் பிடித்து நின்றாள்.

உட்கார்ந்திருந்த அம்மாள் கையை நீட்டினாள்.

"பிள்ளையைக் குடும்மா. மடியில வச்சுக்கறேன்."

"பரவாயில்லங்க."

"எவ்ளோ நேரம் நிப்ப? குடு."

"வேண்டாங்க. இருக்கட்டும்."

அந்த அம்மாள் விட்டுவிட்டாள். கொஞ்ச தூரம் போனதும் தன் மடியைப் பார்த்தாள். பிறகு மங்கையை அண்ணாந்து பார்த்தாள்.

"நீ குடுக்காட்டி என்ன? உன் பையன் கால என் மடியில ஊனிக்கிட்டு நிக்கிறான்."

மங்கை எட்டிப் பார்த்தாள். இடுப்பில் பிள்ளை இருந்ததால் கால் தெரியவில்லை.

"நிக்கிறானா?"

"எம்பி எம்பிக் குதிக்கிறான். யப்பா, என்னா பலம்! தொடை வலிக்குது."

*

அதற்கப்புறம் மங்கை வெகுநாள் வரவில்லை.

"தங்கச்சி கோவிச்சுக்கிட்டாங்க," என்றான் நசீர். "நீங்க கேமராவப் போட்டு உடைச்சிருக்கக் கூடாது டீச்சர்."

"உங்க படம் எங்கண்ணே?"

"போன வாரம் ஒரு கல்யாணம். சிரிங்கன்னு சொல்லாம நின்னேன்."

"என்ன ஆச்சு?"

"ஏன் சும்மா நிக்கிறீங்க, கரண்ட் போயிடுச்சான்னு பொண்ணோட அப்பா கேட்டாரு."

ஒரு நாள் தபாலில் ஒரு சுருள் வந்தது. பழைய துணியில் சுற்றி, அதன்மேல் காகிதம் சுற்றி, அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டி. கூடக் கடிதம் எதுவும் இல்லை.

டீச்சர் கழுவி, தாளில் போட்டு, துணிக்கு மாட்டும் கிளிப்பில் தொங்கவிட்டார். ஆள் வரும்வரை அவரும் பார்க்கவில்லை, நசீரையும் பார்க்க விடவில்லை.

மங்கை வந்தாள். இடுப்பில் பிள்ளை.

டீச்சர் வழக்கம்போல முதலில் காலைப் பார்த்தார். சாக்ஸ் இல்லை. உள்ளங்கால் கறுத்திருந்தது. கட்டை விரலில் ஒரு காய்ந்த சிராய்ப்பு.

பிறகு தாளைக் கழற்றி மேஜையில் விரித்தார். மூவரும் குனிந்தார்கள்.

முதல் படத்தில் தரை மட்டும் இருந்தது. மொசைக் தரை.

"என்னக்கா இது?"

"இறக்கி விடலாம்னு எல்லாம் தயாரா வச்சேன். அமுக்கிப் பார்த்தேன். ஆனா இறக்கல."

இரண்டாவது படத்தில் தரையில் தலையணைகள்.

"இதுலயும் இறக்கலையா?"

"அன்னிக்குத் தலையணை மட்டும்தான் இறக்கினேன்."

மூன்றாவதில் தலையணைகளுக்கு நடுவே பரிதி. சுற்றிலும் மெத்தை, போர்வை, சோபா குஷன். வாய் முழுக்கத் திறந்திருந்தது. படம் ஆடியிருந்தது.

"அழறான்," என்றான் நசீர்.

"நானும்தான். அதான் ஆடிப்போச்சு."

"கோட்டையே கட்டியிருக்கீங்களே தங்கச்சி. நம்ம தரங்கம்பாடிக் கோட்டைகூட இவ்ளோ பந்தோபஸ்தா இல்ல."

அடுத்தடுத்த படங்களில் தலையணை குறைந்துகொண்டே வந்தது. அழுகையும் குறைந்தது. ஒன்றில் பரிதி ஒரு தலையணையை இழுத்து வாயில் வைத்திருந்தான். ஒன்றில் கேமராவுக்கு முதுகைக் காட்டிக் கட்டில் காலைப் பார்த்துத் தவழ்ந்துகொண்டிருந்தான்.

அதற்கடுத்ததில் நின்றான்.

ஒரு கை கட்டில் சட்டத்தில். முகம் திரும்பியிருந்தது. தலைமுடி, காது, தொப்பை, இடுப்புக் கயிறு, முழங்கால் எல்லாம் இருந்தன. கீழே இரண்டு பாதமும் மொசைக்கில் பதிந்து நின்றன. ஓரமெல்லாம் இருட்டாக, நடுவில் அவன்மேல் மட்டும் வெளிச்சம் விழுந்திருந்தது.

டீச்சர் பாதத்தின்மேல் விரலை வைத்தார்.

"கால்."

"கால்," என்றாள் மங்கை.

"முழுசா இருக்கான்ல?"

"இருக்கான்."

அடுத்த படத்திலும் நின்றான். கை கட்டிலில் இல்லை. இரண்டு கையும் பக்கவாட்டில் விரிந்திருந்தன.

பன்னிரண்டாவது படத்துக்கு வந்தார்கள்.

வெறும் பஞ்சு. நடுவில் வெள்ளையாக ஏதோ ஒன்று படம் முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் ஒரு வாய் மாதிரி. பல் மாதிரி. வேறொன்றும் தெரியவில்லை.

நசீர் தலையில் கை வைத்தான்.

"அடடா! கடைசியில கோட்டை விட்டுட்டீங்களே. மறுபடி மேகம்."

டீச்சர் தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். மங்கையிடம் நீட்டினார்.

"என்னக்கா இது? நாலடி தள்ளி நிக்கலையா?"

"நின்னேன் டீச்சர். சுவத்துல முதுகு இடிக்கிற வரைக்கும் போய் நின்னேன். ரெண்டு கையாலயும் பிடிச்சேன். அசையவே இல்ல."

"பின்ன எப்படி இப்படி வந்துச்சு?"

மங்கை பிள்ளையைப் பார்த்தாள்.

"நான் நின்னேன் டீச்சர். அவன் நிக்கல."